முதலில் காது, பிறகுதான் துப்பாக்கி

கே: துப்பாக்கி சுடும் விளையாட்டில் இறங்க ஆசை. கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். முதலில் எந்தத் துப்பாக்கியை வாங்கலாம்?
– கல்லூரி மாணவர், அறந்தாங்கி

ப: எதையும் வாங்காதீர்கள். முதலில் ஒரு நல்ல காதடைப்பான், அடுத்து ஒரு கண்ணாடி, அதற்கடுத்து கிளப் உறுப்பினர் கட்டணம். துப்பாக்கி நான்காவது இடத்தில்தான் வரும், அதுவும் சில மாதங்கள் கழித்து. அதுவரை கிளப் துப்பாக்கியிலேயே பழகலாம். ரைஃபிளா, பிஸ்டலா, ஷாட்கன்னா, உங்கள் உடம்புக்கு எது ஒத்துவரும் என்பது சுட்டுப் பார்த்த பிறகுதான் தெரியும். முதல் மாதம் ஆசைப்பட்டு வாங்கியதை நான்காம் மாதம் விற்க ஆள் தேடுபவர்கள் எல்லா கிளப்பிலும் இருக்கிறார்கள்.

கே: காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் போதாதா?
– அதே மாணவரின் நண்பர், அறந்தாங்கி

ப: போதாது. '12 போர்' அளவுக் குழல் கொண்ட துப்பாக்கியின் வெடியோசை 150 டெசிபலைத் தாண்டும். 140 டெசிபலுக்கு மேற்பட்ட வெடிச்சத்தம் ஒரே முறை கேட்டாலும் காதைக் கெடுத்துவிடும். உள்காதில் ஒலியை வாங்கும் மெல்லிய முடிச்செல்கள் இருக்கின்றன. அவை ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது. பஞ்சு சில டெசிபலைத்தான் குறைக்கும். நசுக்கிச் செருகும் நுரை அடைப்பானைச் சரியாகப் போட்டால் இருபது, முப்பது வரை குறையும். அதற்கு மேல் காதை மூடும் கவசத்தையும் மாட்டிக்கொண்டால் இன்னும் நல்லது. நுரை அடைப்பானைத் திரித்து மெலிதாக்கி, இன்னொரு கையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, விரியும்வரை விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். பாதி பேர் அதை வாசலில் தொங்கவிட்டுக்கொண்டு சுடுகிறார்கள். பயிற்சி முடிந்து வீடு திரும்பும்போது காதில் 'ஙொய்ய்' என்று ரீங்காரம் கேட்டால், அன்றைக்குக் கொஞ்சம் கேட்கும் திறனை இழந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கே: நடிகர் அஜித் திருச்சியில் வாங்கிய பதக்கங்கள் நடிகர் என்பதற்காகக் கொடுத்ததுதானே?
– ஆட்டோ ஓட்டுநர், கீரனூர்

ப: இல்லை. 2022 ஜூலையில் திருச்சி கே.கே.நகர் ரைஃபிள் கிளப்பில் நடந்த 47ஆவது மாநிலப் போட்டியில் அவர் 4 தங்கமும் 2 வெண்கலமும் வாங்கினார். வாசலில் கூட்டம் நடிகருக்காகக் கூடியது, ஆனால் உள்ளே இருக்கும் இலக்கு யார் முகத்தையும் பார்ப்பதில்லை. துளை எங்கே விழுந்ததோ அதற்குத்தான் மதிப்பெண். அவரைப் பார்த்து இந்த விளையாட்டுக்கு வந்த பிள்ளைகள் நம் பக்கம் நிறைய. அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: படங்களில் கதாநாயகன் காதில் ஒன்றும் மாட்டாமல் சுடுவான், ரேஞ்சில் நிற்கும் அஜித் அப்படிச் சுடுவதில்லை. பின்பற்ற வேண்டியது இரண்டாமவரை.

கே: நம் ஊர் பிரித்விராஜ் தொண்டைமான் சுடும் 'ட்ராப்' போட்டிக்கு என்னென்ன சாதனங்கள் வேண்டும்? எங்களைப் போன்றவர்களால் முடியுமா?
– தனியார் பள்ளி ஆசிரியர், புதுக்கோட்டை

ப: இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டத்துக்கு உலக அளவில் பெயர் வாங்கித் தந்த விளையாட்டு இது. பிரித்விராஜ் 2023 மார்ச்சில் தோஹா உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கினார். அதே ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கைனன் செனாய், ஜோராவர் சிங் சந்து ஆகியோருடன் சேர்ந்து அணிப் பிரிவில் தங்கம். மூவரும் சேர்ந்து எடுத்தது 375க்கு 361. அடுத்த ஆண்டு பாரீஸ் ஒலிம்பிக்கிலும் நின்றார்.

ட்ராப்பில் சுடுபவருக்கு முன்னால் 15 மீட்டர் தள்ளி ஒரு பள்ளம் இருக்கும். அதற்குள் 15 எறி இயந்திரங்கள். சுடுபவர் குரல் கொடுத்ததும் மைக் அதைக் கேட்டு, ஏதோ ஓர் இயந்திரத்திலிருந்து 11 சென்டிமீட்டர் அகலத் தட்டு ஒன்றைப் பறக்கவிடும். எடை சுமார் 105 கிராம். எந்தப் பக்கம் பறக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. மணிக்கு நூறு கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் விலகிப் போகும் அதை, ஒரு வினாடி முடிவதற்குள் கண்டுபிடித்து உடைக்க வேண்டும். தகுதிச் சுற்றில் இப்படி 125 தட்டுகள்.

சாதனம் என்று பார்த்தால், மேலும் கீழுமாக இரண்டு குழல் அமைந்த 12 போர் துப்பாக்கி. மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை. தோட்டாவில் ரவை 24 கிராமுக்கு மிகக் கூடாது, இது உலக விதி. தோட்டா போட்டுக்கொள்ள ஆழமான பைகள் தைத்த மேல்சட்டை, தோள்பட்டையில் மெத்தை, காது, கண்ணுக்குக் காப்பு. கடைக்காரர்கள் இதற்கு மேல் நூறு பொருள் காட்டுவார்கள்.

ஆனால் ட்ராப் வீரர்கள் உயிராக மதிப்பது துப்பாக்கியின் ஸ்டாக், அதாவது தோளில் வைக்கும் கட்டை. ஷாட்கன்னில் பின்னால் குறிபார்க்கும் கருவி கிடையாது. சுடுபவரின் கண்ணேதான் அந்தக் கருவி. கன்னம் கட்டையில் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் பதிந்தால்தான் கண் ஒரே இடத்தில் இருக்கும். கட்டை அரை சென்டிமீட்டர் நீளம் கூடினாலும் தூக்கும்போது சட்டையில் மாட்டும், குறைந்தால் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். அதனால் செலவழிக்கக் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் அதைக் கட்டையை உங்கள் அளவுக்குச் செதுக்கித் தரும் கைக்காரரிடம் கொடுங்கள்.

முடியுமா என்றால், பணம் ஒரு தடை என்பதை மறைக்க மாட்டேன். தோட்டா ஒருமுறை வெடித்தால் தீர்ந்தது. ட்ராப் பழகுவோருக்கு மாதச் செலவில் பெரும்பங்கு அதுதான். பிரித்விராஜ் என்ற அரண்மனைப் பிள்ளைக்கு இருந்த வசதி அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு இல்லை. அந்த இடைவெளியை அரசும் சங்கங்களும் நிரப்பினால்தான் அடுத்த பிரித்விராஜ் ஆலங்குடியிலிருந்தோ கறம்பக்குடியிலிருந்தோ வருவார். இன்றைக்கு எளிய வீட்டுப் பிள்ளைகள் நுழையக்கூடிய வாசல் 10 மீட்டர் ஏர் ரைஃபிளும் ஏர் பிஸ்டலும்தான்.

கே: பாரீஸில் ஒரு துருக்கிக்காரர் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, எந்தச் சாதனமும் இல்லாமல் வெள்ளி வாங்கினாரே? அப்புறம் எதற்கு இந்தச் செலவெல்லாம்?
– மளிகைக் கடை உரிமையாளர், பொன்னமராவதி

ப: யூசுஃப் டிகெச்சைச் சொல்கிறீர்கள். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு அணிப் பிரிவில் வாங்கிய வெள்ளி அது. ஒரு கண்ணை மறைக்கும் பட்டை, துளை பொருத்திய கண்ணாடி எதுவும் அவர் போடவில்லை, இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு சுட்டார். அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். காதில் அடைப்பான் இருக்கிறது, மூக்கின் மேல் கண்ணாடியும் இருக்கிறது. பல்லாண்டு பயிற்சிக்குப் பிறகு எதையெல்லாம் விட்டுவிடலாம் என்று அவர் முடிவு செய்தார். காதை விடவில்லை.

கே: சாதாரண பவர் கண்ணாடியே போட்டிருக்கிறேன். சுடுவதற்குத் தனிக் கண்ணாடி அவசியமா?
– வங்கி ஊழியர், திருமயம்

ப: ஷாட்கன் என்றால் அவசியம். உடையாத பாலிகார்பனேட் வில்லை, பக்கவாட்டிலும் மறைக்கும் சட்டம். உடைந்த தட்டின் சில்லும் காற்றில் திரும்பி வரும் மருந்துத் துகளும் பக்கவாட்டில்தான் கண்ணுக்குள் போகும். கண்ணாடி வில்லை உடைந்தால் அதுவே ஆயுதம். நம்மூர் வெயிலில் நிறம் தேர்ந்தெடுப்பதும் முக்கியம்: ஆரஞ்சு நிறத் தட்டு வானத்திலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரிய வேண்டும். கறுப்புக் கூலிங் கிளாஸ் வெயிலோடு தட்டையும் சேர்த்து மங்கவைத்துவிடும்.

கண்ணாடிக்கு முன் ஒரு சோதனை. இரண்டு கைகளையும் நீட்டி விரல்களால் ஒரு சிறு துளை செய்து, இரு கண்ணும் திறந்தபடி அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். இப்போது ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் துளைக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் உங்கள் குறிக்கண். வலது கைக்காரர்கள் சிலருக்கு இடது கண் குறிக்கண்ணாக இருக்கும். இதைப் பயிற்சியாளரிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் ஒரு வருட அலைச்சல் மிச்சம்.

கே: மகள் எட்டாம் வகுப்பு. ஏர் ரைஃபிள் பழகுகிறாள். தடித்த ஜாக்கெட், கால்சட்டை, பூட்ஸ் எல்லாம் உடனே வாங்க வேண்டும் என்கிறார்கள். பெரிய தொகையாக இருக்கிறது.
– அங்கன்வாடி பணியாளர், ஆலங்குடி

ப: பொறுங்கள் அம்மா. அந்த விறைப்பான ஜாக்கெட் முதுகையும் இடுப்பையும் அசையாமல் பிடித்துக்கொள்வதற்கு. மாநிலப் போட்டி அளவுக்கு வரும்போது அது தேவைப்படும், இப்போது அல்ல. வளரும் பிள்ளைக்கு இன்று அளவெடுத்துத் தைத்தால் அடுத்த வருடம் பத்தாது. கிளப்பில் மூத்த பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன ஜாக்கெட் நிச்சயம் இருக்கும், வெட்கப்படாமல் கேளுங்கள். நம் தேசியப் போட்டிகளில் ஓபன் சைட் ஏர் ரைஃபிளுக்குத் தனிப் பிரிவே உண்டு. இந்தியாவில் செய்த துப்பாக்கியோடு அதில் தொடங்கலாம்.

காசே இல்லாத பயிற்சி ஒன்று சொல்கிறேன். பெல்லட் போடாமல், பயிற்சியாளர் சொல்லித்தந்த முறைப்படி, வெற்றுச் சுவரைப் பார்த்து நின்று, குறி வைத்து விசையை மட்டும் இழுத்துப் பழகுவது. ஒலிம்பிக் போகிறவர்களும் தினமும் செய்வது இதுதான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரீஸ் இரண்டு ஒலிம்பிக்குக்கும் போன பிரிவு உங்கள் மகள் பழகும் இதே ஏர் ரைஃபிள்தான். அந்தப் பிரிவில் பத்துப் புள்ளி வட்டத்தின் அகலம் அரை மில்லிமீட்டர். அதைத் தொடுவதற்கு ஜாக்கெட்டை விடப் பொறுமை அதிகம் வேண்டும். அது உங்கள் வீட்டில் இருக்கிறது என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

கே: ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டுமா?
– மெக்கானிக், இலுப்பூர்

ப: குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும், சக்தி 20 ஜூலுக்கும் மிகாமல் இருந்தால் வேண்டாம். மிகுந்தால் வேண்டும். லைசென்ஸ் இல்லை என்பதற்காக அது பொம்மை ஆகிவிடாது. அந்தச் சிறு பெல்லட் ஒரு கண்ணை நிரந்தரமாகப் பறிக்கப் போதுமானது.

கே: மயில்கள் கூட்டமாக வந்து கடலையைக் கிளறிவிடுகின்றன. சும்மா பயமுறுத்த ஒரு ஏர் கன் வாங்கலாம் என்று இருக்கிறேன்.
– விவசாயி, விராலிமலை

ப: ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது. மயில் அழகு என்று பேசுபவர்கள் யாரும் உங்கள் விதைக்கடலைக்குக் காசு கொடுப்பதில்லை. ஆனால் ஏர் கன் வேண்டாம். பயமுறுத்தத் தூக்கிய துப்பாக்கி என்றாவது ஒருநாள் மயில் மேல் படும். மயில் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் பட்டியலில் இருக்கிறது. அதைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. கடலைக்காகக் காட்டையே விற்று வழக்கு நடத்தும்படி ஆகிவிடும். விதைத்த முதல் இரண்டு வாரம்தான் ஆபத்துக் காலம். அந்த நாட்களில் பளபளக்கும் நாடாவை வரப்போரம் முறுக்கிக் கட்டுங்கள், சில நாளுக்கொரு முறை இடத்தை மாற்றுங்கள், இல்லையென்றால் பறவை பழகிவிடும். சேதத்தைப் படம் எடுத்து வனத்துறைக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள். தனியாகக் கொடுக்காமல் ஊரே சேர்ந்து கொடுங்கள்.

கே: இறந்துபோன தாத்தாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி பரணில் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கலாமா? தீபாவளிக்கு ஒருமுறை சுட்டுப் பார்க்க ஆசை.
– கந்தர்வகோட்டை வாசகர்

ப: மூன்று தடவை 'வேண்டாம்' சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, பரணில் வேண்டாம். லைசென்ஸ்தாரர் காலமானதும் அந்த லைசென்ஸும் முடிந்தது. இன்று அது லைசென்ஸ் இல்லாத ஆயுதம், அதை வைத்திருப்பவர் நீங்கள். தாத்தாவின் லைசென்ஸ் புத்தகத்தையும் இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு, ஒரு வழக்கறிஞரையும் கூட அழைத்துக்கொண்டு, முதலில் காவல் நிலையத்துக்குப் போய் விஷயத்தைச் சொல்லி ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு மாவட்ட ஆட்சியருக்கு மனுச் செய்யலாம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் இதற்கு வழி வைத்திருக்கின்றன. தாத்தாமார்கள் உயிரோடிருக்கும் வீட்டுக்காரர்களும் கவனியுங்கள்: லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கி அவரிடம் 25 ஆண்டு இருந்துவிட்டாலோ, அவர் இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆட்சியர் அலுவலகம் ஒரு காலத்தில் தொண்டைமான் அரண்மனையாக இருந்த கட்டடம், வழி கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது, தேங்காய் எண்ணெய் வேண்டாம். எந்தச் சமையல் எண்ணெயும் நாளாக ஆகப் பிசினாகும். விசைக்குள் போய் இறுகிக்கொள்ளும். மழைக்காலத்தில் துருவும் பிடிக்கும். துப்பாக்கிக்கென்று இருக்கும் கனிம எண்ணெயை மெலிதாகத் தடவ வேண்டும். குழலைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கித் துடைக்க வேண்டும். தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் வைக்கக் கூடாது, தோல் ஈரத்தை இழுத்து இரும்புக்குக் கொடுக்கும்.

மூன்றாவது, சுட்டுப் பார்க்கவே வேண்டாம். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை இரண்டரை அங்குலம். இன்று கிடைக்கும் தோட்டா விரிந்தால் இரண்டே முக்கால். முனை விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். இரும்புக் கம்பியை முறுக்கிச் செய்த அந்தக் காலத்துக் குழல்கள் உள்ளே அரித்திருந்தால் அதைத் தாங்காது. குழலைப் பிடித்திருக்கும் இடது கைதான் போகும். உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர் அளந்து பார்த்து 'சுடலாம்' என்று சொல்லும்வரை அது தாத்தாவின் நினைவுப் பொருள் மட்டுமே. ஊருக்குள் தீபாவளிக்குச் சுடுவது அதன் பிறகும் குற்றம்தான். 2019இல் வந்த திருத்தத்தின்படி கொண்டாட்டத்துக்காக அஜாக்கிரதையாகச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டாண்டு வரை சிறை.

கே: சில தோட்டாக்கள் மட்டும் மஞ்சள் நிறமாக இருப்பது ஏன்? அழகுக்கா?
– பத்தாம் வகுப்பு மாணவி, அன்னவாசல்

ப: நல்ல கேள்வி கண்ணம்மா. உயிர் காப்பதற்கு. மஞ்சள் என்பது 20 போர் தோட்டாவின் அடையாளம். அது 12 போர் தோட்டாவை விடச் சற்று ஒல்லி. தவறுதலாக 12 போர் துப்பாக்கியில் போட்டால் வழுக்கிப் போய்க் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். அறை காலியாகத் தெரியும். 'போட மறந்துவிட்டோம்' என்று இன்னொரு தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துவிடும். ஒரே பையில் இரண்டு அளவுத் தோட்டாவை வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

கே: சைலன்சரை 'துப்புரவு உபகரணம்' என்ற பெயரில் ஆன்லைனில் விற்கிறார்களே, வாங்கலாமா?
– பெயர் வேண்டாம், மணமேல்குடி

ப: பெயர் வேண்டாம் என்று நீங்களே எழுதும்போது பதிலும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. சத்தத்தையோ தீப்பொறியையோ மறைக்கும் இணைப்புகள் தனிமனிதர் வைத்திருக்கக் கூடாத வகையில் வருகின்றன. எந்தப் பெயரில் விற்றாலும் வாங்காதீர்கள்.

கே: வீட்டில் நகை இருக்கிறது. தற்காப்புக்குத் துப்பாக்கி?
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், புதுக்கோட்டை

ப: நகைக்கு வங்கி லாக்கர். துப்பாக்கி வாங்கினால் திருடனுக்கு இரண்டு பொருள் கிடைக்கும்.

கே: ஏர் கன் பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு சுடுகிறான் என் தம்பி. தவறா?
– செவிலியர், கீரமங்கலம்

ப: பெரிய தவறு. அது ஈயம். பெல்லட்டும் ரவையும் தொட்ட கையால் சாப்பிடவே கூடாது. ரேஞ்சிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவ வேண்டும். அந்தச் சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும். வீட்டில் சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் இதில் சமரசமே கூடாது. செவிலியரான அக்கா சொல்லியும் கேட்காவிட்டால் இந்தப் பக்கத்தைக் கத்தரித்து அவன் பெல்லட் டப்பாவில் ஒட்டுங்கள்.

கே: ஐந்து வயதுப் பையனுக்குத் திருவிழாவில் பொம்மைத் துப்பாக்கி வாங்கித் தரலாமா?
– இளம் தந்தை, கறம்பக்குடி

ப: வாங்கித் தாருங்கள், கூடவே ஒரு விதியையும்: யார் முகத்துக்கும் நேராக நீட்டக் கூடாது. உலகத்தின் எல்லா ரேஞ்சிலும் முதல் பாடம் அதுதான். ஐந்து வயதில் பழகினால் ஐம்பதிலும் மறக்காது.

கே: எங்கள் பக்கம் பயிற்சித் தளம் இருக்கிறது. 2021இல் நடந்ததற்குப் பிறகு வெடிச்சத்தம் கேட்டாலே நெஞ்சு அடைக்கிறது. இதற்கும் சாதனம் ஏதாவது உண்டா?
– ஒரு தாய், நார்த்தாமலை

ப: உங்கள் கடிதத்தை இறுதியில் வைத்தது, மற்ற எல்லாக் கேள்விகளையும் விட இது பெரியது என்பதால். 2021 டிசம்பர் 30ஆம் தேதி காலை, பசுமலைப்பட்டி பயிற்சித் தளத்தில் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் சுட்டுப் பழகிக்கொண்டிருந்த நேரத்தில், தாத்தா வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் தோட்டா பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்தும், 2022 ஜனவரி 3ஆம் தேதி அந்தப் பிள்ளை இறந்துவிட்டான். அரசு 10 லட்சம் ரூபாய் நிவாரணம் கொடுத்தது. அந்தக் குடும்பம் இழந்ததற்கு அது ஈடாகாது.

உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: உண்டு. தோட்டாவை நிறுத்தும் மண்மேடுதான் அந்தச் சாதனம். ட்ராப் ரவை இருநூறு, இருநூற்றைம்பது மீட்டருக்குள் விழுந்துவிடும். சின்ன .22 தோட்டாவே ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும். படையினரின் ரைஃபிள் தோட்டா சில கிலோமீட்டர் போகும், பாறையில் பட்டால் எந்தத் திசையில் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் இலக்குக்குப் பின்னால் போதிய உயரத்தில், கல் கலக்காத மண்ணில் மேடு வேண்டும். பக்கச் சுவர் வேண்டும். குழல் மேலே எழும்பினாலும் தோட்டா வெளியேறாதபடி தலைக்கு மேல் தடுப்புப் பலகைகள் வேண்டும். சுடும் நாளுக்கு முன்பே ஊருக்கு அறிவிப்பு வேண்டும், அன்று சிவப்புக் கொடி வேண்டும். மழைக்குப் பிறகு மேடு கரைந்திருக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும்.

இவை இருக்கின்றனவா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கிராம சபையில் தீர்மானமாகப் போடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, தளத்தின் பாதுகாப்பு ஆய்வு கடைசியாக எப்போது நடந்தது, அறிக்கையின் நகல் எங்கே என்று கேளுங்கள். பிள்ளைகளைக் காலித் தோட்டா பொறுக்க அந்தப் பக்கம் விடாதீர்கள், வெடிக்காமல் கிடப்பது எது என்று அவர்களுக்குத் தெரியாது.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் துப்பாக்கி ஆர்வலர்களிடமும் ஒரு வேண்டுகோள். நார்த்தாமலை மக்கள் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவரும் நாளில் அவர்கள் பக்கத்தில் போய் நில்லுங்கள். மண்மேடு எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று அதிகாரிகளிடம் விவரமாகப் பேச உங்களால்தான் முடியும்.